ஜமீலா அக்கா பார்க்காத மெயில்

மெயில் ஒழுங்காக ஓடும்வரை அதை ஓட்டுகிறவன் என்று ஒருத்தன் இருப்பதே யாருக்கும் தெரியாது. அரை மணி நேரம் நின்றுவிட்டால் மட்டும் அவன் அப்பா பெயர்வரை விசாரிப்பார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவில் குப்பை கொட்டிய புண்ணியவான்களே, உங்களிடம் அழாமல் நான் வேறு யாரிடம் போய் அழ?

தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் தீவில் பாயான் லெப்பாஸ் என்ற ஊரில் ஒரு பெரிய எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மினுங்கும் பழைய மெயிலைத் தூக்கிவிட்டு, எல்லார் மேசைக்கும் புது மெயில் கொண்டுவரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பழையதில் வெளிநாட்டுக் கடிதங்கள் சேர்ந்து கிடந்து, சாயங்காலம்தான் மொத்தமாகக் கிளம்பும். புதியதில் பொத்தானை அமுக்கினால் அப்போதே போய்விடும். அவ்வளவுதான் வித்தியாசம் என்று மேலிடத்தில் சொன்னார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன!

ஓரத்தில் எழுதுகிறவர்

ஃபேக்டரிக்குத் தலைவர் நடராஜா சார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். மூளை கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. அவர் மெயிலைத் திரையில் பார்த்ததே கிடையாது. செகரெட்டரி ஜமீலா அக்கா எல்லாவற்றையும் தாளில் எடுத்து மேசையில் வைப்பார். சார் ஓரத்தில் பேனாவால் பதில் கிறுக்குவார். அக்கா அதைப் பார்த்து டைப் செய்து அனுப்புவார்.

ஒரு நாள் அந்தத் தாளை எட்டிப் பார்த்தேன். ஓரத்தில், "இந்த மடையன் கணக்குப் படிச்சவனா?" என்று ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தது. அக்கா அடித்திருந்ததோ, "தங்கள் கணக்கை மறுபடி ஒருமுறை பார்க்க இயலுமா?" அடேயப்பா! எத்தனை வருஷமாக இந்த மனுஷனின் நல்ல பெயரை இவர் ஒருத்தரே காப்பாற்றிக்கொண்டு வருகிறார்! இது சாருக்குத் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டேன். அக்கா டைப் அடிப்பதை நிறுத்தவே இல்லை.

"அவருக்குக் கோபம் தீர்ந்தா சரி, எனக்கு வேலை நடந்தா சரி. நீ பசியாறிட்டியா தம்பி?"

வந்துச்சா?

ஸ்டோர் சூப்பர்வைசர் பொன்னுசாமி அண்ணன் தினமும் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், நிபோங் திபாலிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் வருகிறவர். புது மெயிலில் ஒரு கடிதம் அனுப்பியதும் ஃபோனை எடுப்பார். "மெயில் போட்டேன், வந்துச்சா?" அந்தப் பக்கம் ஃபோனை எடுக்காவிட்டால் நேரிலேயே நடந்து போய்க் கேட்பார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும். ஃபோனில் கேட்பதற்கு எதற்கு ஐயா மெயில்?

ஒரு காலையில், "வரலையாம்லா" என்று என் முன்னால் வந்து நின்றார். போய்ப் பார்த்தால், ஸ்டோரிலிருந்து கிளம்பிய கடிதம் ஒன்றுகூட வெளியே போகவில்லை. எல்லாம் நடுவில் ஒரு மெஷினில் குந்திக்கொண்டிருந்தது. வேறு யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அவசரமாகச் சரிசெய்துவிட்டு, எப்படி அண்ணே கண்டுபிடிச்சீங்க என்றேன்.

"மெயில் போயிருச்சுன்னுதான் கம்ப்யூட்டர் சொல்லும். வந்துச்சான்னு வாங்குற ஆள்தானே சொல்லணும்?"

நாற்காலி போட்டுப் பாடம்

பிறகுதான் இடி விழுந்தது. புது மெயில் வந்தபின் பெரிய அதிகாரிகள் தங்கள் கடிதத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம், செகரெட்டரிகளை மாசக் கடைசியோடு அனுப்பிவிடலாம் என்று ஹெட் ஆபீஸில் பேச்சு. உத்தரவு வருமுன்னே செய்தி வந்துவிட்டது. அக்காவின் வீட்டுக்காரர் ஹார்பர் வேலையில் முதுகில் அடிபட்டு வீட்டோடு இருந்தார். அக்கா சம்பளத்தில்தான் அந்தக் குடும்பமே ஓடியது.

அப்படியிருந்தும் சாருக்குப் புது மெயிலைச் சொல்லிக்கொடுத்தது அக்காதான். நான் போனால் சார் எரிந்து விழுவார். "உதென்ன, கை வச்சா ஓடுது!" என்று மௌஸைத் தள்ளிவிடுவார். அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே, அவர் தப்பாக அமுக்கியதையெல்லாம் திரும்பத் திரும்பக் காட்டினார். தன் வேலைக்குத் தானே குழி தோண்டுகிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு நல்லாச் சொல்லிக்கொடுக்கணுமாக்கா என்று கேட்டேவிட்டேன்.

"போறதுன்னா போறேன்லா. அதுக்காக அரைகுறையாச் சொல்லிக் குடுத்துட்டுப் போக முடியுமா? நாளைக்கு அந்த மனுஷன் முழிச்சா என் பேருதானே கெடும்!"

எல்லாருக்கும் பதில்

உத்தரவு வந்தேவிட்டது. எல்லா நாட்டு ஃபேக்டரித் தலைவர்களுக்கும் ஒரே கடிதம். எங்களைப் போன்ற மெயில் ஆட்களுக்கும் நகல். அக்கா சாப்பிடப் போயிருந்த நேரம். நான் வெளியே பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். சார் அறைக்குள் ஒற்றை விரலால் டொக் டொக்கென்று குத்துவது கேட்டது. 'பதில்' என்று ஒரு பொத்தான். பக்கத்திலேயே 'எல்லாருக்கும் பதில்' என்று இன்னொன்று. சார் அமுக்கியது இரண்டாவதை. அக்கா கைபடாமல் அந்த அறையிலிருந்து போன முதல் மெயில் அது.

என் பெட்டியிலும் வந்து விழுந்தது. "எந்த இடியட் இதை எழுதியது? ஜமீலா இல்லாமல் இந்த ஃபேக்டரி ஒரு வாரம் ஓடாது. அவரை அனுப்ப நினைக்கிற இடியட் முதலில் என்னை அனுப்பட்டும்." அலாமாக்! பழைய மெயிலாக இருந்தால் சாயங்காலத்துக்குள் பிடித்து நிறுத்தியிருக்கலாம். இது உலகமெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி அக்காவோடு சேர்ந்து சாரும் வீட்டுக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஆனால் மற்ற ஃபேக்டரித் தலைவர்களிடமிருந்து ஒவ்வொன்றாகப் பதில் வந்தது: "நானும் அதேதான் சொல்கிறேன்." மறுநாள் ஹெட் ஆபீஸ் இறங்கி வந்தது. செகரெட்டரி விஷயத்தை அந்தந்த ஃபேக்டரியே பார்த்துக்கொள்ளலாமாம். மன்னிப்பு கின்னிப்பு எதுவும் கிடையாது.

சார் அனுப்பியதை அக்கா திரையில் படித்தார். அவர் கண் கலங்கியது. எனக்கும்தான், அதை எதற்கு மறைக்க? சார் கதவோரம் நின்று, "பிழை விட்டிட்டனோ?" என்று கேட்டார். அக்கா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இடியட் ரெண்டு தடவை வந்திருக்கு சார். ஒண்ணு போதும்லா."

ஆக, மெயில் மாற்றும் வேலை வெற்றிகரமாக முடிந்தது: அன்றிலிருந்து நடராஜா சார் தன் கோபத்தையெல்லாம் தாளில் கிறுக்காமல் தானே டைப் செய்து அனுப்பினார், ஜமீலா அக்காவுக்கு மட்டும்.