செயலாளரின் நோட்டீஸ்

எங்கள் குடியிருப்பில் நோட்டீஸ்களை நாசம் செய்தது யார் என்று இன்னும் தேடுகிறார்கள். தேட வேண்டாம், நான்தான். மூன்றாம் மாடியில் தையல் மெஷின் வைத்துக்கொண்டு, அடுத்தவர் பேன்ட்டுக்கு நீளம் குறைத்துப் பிழைப்பவள். ஆனால் இது என் கதை இல்லை. தரைத்தளத்தில் இருக்கும் சங்கச் செயலாளரின் கதை.

முப்பத்தைந்து வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர் அவர். நாளுக்கு நூறு கதவு தட்டியவரிடம் "உட்காருங்க" என்று சொன்ன வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மனைவி போய் ஆறு வருடம். ஒரே மகள் தூர தேசத்தில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். மற்ற ஆறு நாளும் அவருக்குச் சங்கம்தான். மாதக்கணக்கில் ஓடாத லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் அறிவிப்புப் பலகை. முத்து முத்தான கையெழுத்தில் நோட்டீஸ் எழுதி, நான்கு மூலையிலும் குண்டூசி குத்தி, இரண்டடி தள்ளி நின்று பார்ப்பார். வேறு யாரும் நின்று படித்ததில்லை.

ஒரு நாள் மதியம் நான் நின்றேன். "தொட்டி சுத்தம் செய்வதால் நாளை காலை முதல் தண்ணீர் வராது. யாரும் குழாயைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போக வேண்டாம்." அன்று காலையிலிருந்து என்னோடு பேசியது மெஷின் மட்டும்தான். துணிப்பைகளில் எண் போடும் கறுப்பு மார்க்கர் கையில் இருந்தது. என்ன கிறுக்குப் பிடித்ததோ, நாலைந்து வார்த்தைகளை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அடித்தேன்.

"நாளை வராது. யாரும் போக வேண்டாம்."

என் மனதில் கிடந்ததை வேறு யாரோ எழுதி வைத்த மாதிரி இருந்தது. அழுகை வந்துவிட்டது.

மறுநாள் இரண்டாம் மாடி வக்கீல் தலையில் சோப்பு நுரையோடு படியில் நின்று கத்தினார். செயலாளர் மட்டும் பலகை முன்னால் வெகுநேரம் நின்றார். கோபம் என்று நினைத்து நான் மூச்சு விடவில்லை.

பயந்தவள் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கை கேட்கவில்லை. அவருடைய நோட்டீஸ்களும் நீண்டுகொண்டே போயின. "கைப்பிடிக்குப் பெயின்ட் அடித்திருக்கிறது. ஈரம் காயும்வரை தொட வேண்டாம். ஜன்னலைத் திறந்தால் வானம் தெரியும் என்பதையும் நினைவில் கொள்ளவும்." பெயின்ட்டுக்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம்?

"பெரியவருக்கு மறை கழண்டிடுச்சு" என்று வக்கீல் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடிக்கிறவள் யாராக இருந்தாலும் அவளுக்கென்று போட்ட வார்த்தைகள் அவை. "ஈரம் காயும்வரை வானம் நினைவில்" என்று மிச்சம் வைத்தேன்.

பொதுக்குழுவில் வக்கீல் எழுந்தார். "கிறுக்குறது யாருன்னு சொல்லுங்க. இல்லேன்னா பதவியை விடுங்க."

செயலாளர் ஒருமுறை எல்லோரையும் பார்த்தார். கடைசி வரிசையில் நான் வாயில் ஊசியைக் கவ்விய மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"கண்டுபிடிக்க முடியலைங்க" என்றார். குண்டூசி டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு எல்லா அறிவிப்பும் போனிலேயே வந்தது. அவர் மட்டும் தினமும் காலையில் வந்து, காலிப் பலகையை இரண்டடி தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போவார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. பன்னிரண்டாம் நாள் நானே ஒரு நோட்டீஸ் எழுதிக் குத்தினேன். மார்க்கரை நூலில் கட்டிப் பக்கத்தில் தொங்கவிட்டேன்.

"தையல் வேலை. இடம் மூன்றாம் மாடி. கிழிந்தது எதுவானாலும் கொண்டு வாருங்கள். சரி செய்ய முடியுமா என்று பார்த்தால் தெரியும்."

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கோடுகள் அளவெடுத்தது போல நேராக இருந்தன. நான்கு வார்த்தைகள் மிச்சம்.

"மூன்றாம் மாடி என்று தெரியும்."

கூட்டத்திலும் இவருக்குத் தெரிந்திருக்கிறது. தனக்கென்று இருந்த ஒன்றையும் கொடுத்துவிட்டு என்னைக் காப்பாற்றியிருக்கிறார். வெட்கத்தோடு போய் அவர் கதவைத் தட்டினேன்.

"மன்னிச்சிடுங்க ஐயா. அன்னைக்குக் கூட்டத்துல நான் வாயே திறக்கலை."

"முதல்ல உட்காரும்மா" என்றார். "ஒவ்வொரு நோட்டீஸ்லயும் ஒரு நூல் ஒட்டிக்கிட்டிருக்கும். முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் என்கிட்ட வந்து ஒரு வார்த்தை பேசலை?"

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"லிஃப்ட் ஓடலை. மூணு மாடி ஏற எனக்கு முட்டி விடலை. அதான் பலகையிலேயே பேசிக்கிட்டிருந்தேன்."