ரஞ்சிதம் மிஸ்ஸி அவிழ்த்துவிட்டவர்கள்

செய்தி வந்தபோது நான் செட்டிபாளையம் சந்தியில், உன்னிச்சையில் என்னை யானை துரத்திய கதையைப் பாதிவரை சொல்லியிருந்தேன். உண்மையில் ஒரு யானைதான், அன்றைக்கு மூன்றாகியிருந்தது. முதியோர் இல்லத்துச் சமையற்காரி பூமணி தொலைபேசியில், "மாமா, மிஸ்ஸி எங்கள விட்டுப் போயிற்றா" என்றாள். கதையின் மிச்சத்தை நான் சொல்லவில்லை.

மிஸ்ஸி என்று எல்லாரும் கூப்பிட்ட தாதி ரஞ்சிதம், என் தங்கையின் மகள். இந்த நினைவு மலரை வாசிக்கிற உங்களில் பலருடைய தாய் தகப்பனைக் கழுவித் துடைத்தவள். அவள் தாதிப் படிப்பு முடித்ததும் பெரியாஸ்பத்திரிக்குப் போவாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். டாக்டர்மார் அவளைக் கேட்டு என் வாசலில் நிற்பதாகவும் கொஞ்சம் சேர்த்திருந்தேன். அவளோ கடற்கரையோர முதியோர் இல்லத்தில் போய்ச் சேர்ந்தாள். தங்கை அழுதாள். பேசி வந்த மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினார்கள். நான் நியாயம் கேட்கப் போனேன்.

"பெரியாஸ்பத்திரியில ஆக்கள் சுகப்பட்டு வீட்ட போவாங்க மாமா. இஞ்ச உள்ள ஆக்களுக்கு நாங்கதான் வீடு" என்றாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் கோட்டில் வாதாடுகிற அப்புக்காத்துமாரையே வாயடைக்க வைத்தவன். அன்றைக்கு அவள் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

புத்தி தடுமாறிய வயசாளிகள் எழும்பி நடந்து விழுந்துவிடுவார்கள் என்று, மெல்லிய துணியால் இடுப்பைக் கட்டிலோடு கட்டி வைப்பது அந்த இல்லத்து வழக்கம். தோல் கன்றாமல் கட்டுவதில் ரஞ்சிதம் கெட்டிக்காரி. சுனாமியாகக் கடல் வந்த காலையிலும் அவள்தான் கட்டியிருந்தாள்.

அலை இரண்டு தென்னை உயரம். இல்லத்து வழியால் போன நான் உழவு மெசினை விட்டுக் குதித்து ஓடி, நாலு வயசாளிகளைத் தோளில் போட்டு வாவிப் பக்கம் கொண்டுபோனேன். ஆனால் கட்டிக் கிடந்தவர்களிடம் திரும்பிப் போனது அவள். துணி நனைந்தால் முடிச்சு இறுகிவிடும். விரலால் முடியாமல் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கடைசிக் கட்டிலில் கிடந்த கணபதிப்பிள்ளையின் முடிச்சு அவிழுமுன் தண்ணீர் அவர் முகத்துக்கு மேலே போய்விட்டது.

வாவிக்கரையில் குந்தியிருந்தவளின் வாயெல்லாம் இரத்தம். "நான் போட்ட முடிச்சு மாமா" என்றாள்.

பிறகு இல்லம் வாவிப் பக்கம் மாறியது. அங்கே அவள் யாரையும் கட்டவில்லை. மற்றவர்களையும் கட்ட விடவில்லை.

வன்னியில் சண்டை முடிகிற காலம் வந்தது. இல்லத்தில் இருந்த பொன்னம்மாக்காவின் ஒரே மகன் அங்கே அகப்பட்டிருந்தான். உயிரோடு இருக்கிறானா என்று ஒருவருக்கும் தெரியாது. பின்னேரமானால் அவ மகனைப் பார்க்க எழும்பி வாசல் கேற்றடிக்கு நடப்பா. ரஞ்சிதம் கூடவே நடப்பாள். நிர்வாகி கட்டச் சொன்னார். விழுந்தால் ஆர் பொறுப்பு என்று கேட்டார். "நான்தான் பொறுப்பு" என்றாள்.

ஒருநாள் ரஞ்சிதம் உள்ளே வேறொருவரின் கடைசி மூச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பொன்னம்மாக்கா தனியே எழும்பி நடந்து படியில் விழுந்தா. இடுப்பெலும்பு முறிந்து, சில நாளில் செத்துப்போனா. நிர்வாகி எல்லார் முன்னாலும் "நீதான் கொன்றாய்" என்றார். ஆனால் அன்றிரவும் ஒரு கட்டிலிலும் கட்டும் துணி ஏறவில்லை.

மாதங்கள் கழித்து அந்த மகன் வந்தான். தடுப்பு முகாமிலிருந்து விட்டிருந்தார்கள், எலும்பும் தோலுமாக இருந்தான். தாய் எப்படிப் போனா என்று கேட்டான். இப்படியான இடத்துக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. சாமி கும்பிட்டபடி நித்திரையிலேயே போனதாகவும், முகத்தில் ஒளி நின்றதாகவும் தொடங்கினேன்.

"மாமா, நிப்பாட்டுங்க" என்றாள். பிறகு அவனிடம் சொன்னாள்: "உங்களப் பாக்கத்தான் கேற்றடிக்கு நடந்தா. கட்டி வைக்கச் சொன்னவங்க. நான் கட்டல்ல. விழுந்திட்டா. நோவோடதான் போனா."

அவன் அடிப்பான் என்று நினைத்து நான் குறுக்கே நின்றேன். அவன் அப்படியே நிலத்தில் குந்தினான்.

"எங்கள முள்ளுக்கம்பிக்குள்ள வச்சிருந்தாங்க மிஸ்ஸி" என்றான். "அம்மா நடந்து திரிஞ்சாவா?"

"ஓம். ஒவ்வொரு நாளும்."

"அது காணும், போதும்" என்று சொல்லிவிட்டு அழுதான்.

என்னைப் பற்றி நான் எவ்வளவும் கூட்டிச் சொல்லுவேன், இனியும் சொல்லுவேன். செத்தவர்களின் கடைசியைப் பற்றி அந்த நாளுக்குப் பிறகு ஒரு சொல்லும் கூட்டியதில்லை. ரஞ்சிதத்திடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். செத்தவீட்டுக்கு வந்த எல்லாரும், அமைதியாகப் போனாளா என்று என்னிடம்தான் கேட்டீர்கள்.

இல்லை. புற்றுநோய் எலும்புக்குள் இறங்கியிருந்தது. தண்ணீர் கேட்டாள், விழுங்க முடியவில்லை. கடைசிவரை அறிவு இருந்தது. கத்தினாள்.