கடப்பாரை விழுந்த மணல்

“மண்ணு அள்ளித் துன்ன வூட்ல, மண்ணைப் படம் புடிக்கவாமா உன்னைக் காலேஜுக்கு அனுப்சோம்?” என்று பெரியப்பா கேட்டார். அவர் பாலாற்றில் மணல் அள்ளியவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மணலை வைத்துக் கண்காட்சி நடத்த, செவிலிமேட்டில் ஒரு காலிக் கடையை வாடகைக்கு எடுத்தேன்.

ஆற்று மணலைக் கண்ணாடித் தகடுகளில் பரப்பி, கீழிருந்து விளக்குப் போட்டேன். நுண்ணோக்கி வழியாக எடுத்த மணல்துகள்களின் படங்கள் சுவரில் ஆளுயரத்துக்கு எழுந்தன. ஒன்று தேன் நிறம், ஒன்று புகை நிறம். நடுவில் ஒரு மணல்மேடு. எங்கள் ஊர்ப் பெரிய கோயிலில் மணலில் பிடித்த லிங்கமே சாமி. கரைந்துவிடும் என்று அதற்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை. அந்த மணலோ, தண்ணீர் மலைகளைக் கரைத்துக் கொண்டுவந்தது. இரண்டையும் ஒரே அறையில் வைத்தேன்.

திறப்பதற்கு முதல் நாள், காலனிப் பெண் லிங்கம் செய்திருக்கிறாள் என்று பேச்சுக் கிளம்பியது. ஊர்க்காரர்கள் வருவதற்குள் பெரியப்பா கடப்பாரையோடு வந்தார்.

“கொளுத்திருவானுங்கடி! உன்னையும் சேத்துக் கொளுத்துவானுங்க. அதுக்கு நானே ஒடச்சிடறேன்.”

குறுக்கே நின்றேன். முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். உதடு கிழிந்தது. முதல் அடியில் கண்ணாடிகள் சிதறின. அடுத்த அடி மேட்டைப் பிளந்தது. ஓங்கி ஒரு மிதி மிதித்தவர், அப்படியே அலறி உட்கார்ந்தார். உள்ளங்காலில் கண்ணாடி ஏறி, மணலில் ரத்தம் கொட்டியது.

அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு உடைக்க வந்திருக்கிறார்.

“செருப்ப எதுக்குக் கழட்டுன பெரிப்பா?”

“உள்ள சாமி இருக்குதுன்னு சொல்லிக்கினாங்கமா... கை தானாக் கழட்டிடுச்சு.”

சிரித்தேன். உதடு எரிந்தது. துப்பட்டாவைக் கிழித்து அவர் காலைக் கட்டினேன்.

“நாளைக்குத் தொறக்காத. சொன்னாக் கேளு.”

“ஒடைக்க வந்த நீயே கும்புட்டுட்டுத்தான் உள்ள வந்த. பாக்க வர்றவன் என்னா பண்ணுவான், சொல்லு?”

அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்த் தையல் போட வைத்தேன். திரும்பி வந்து, ரத்தம் காய்ந்த மணலில் ஒரு சிட்டிகை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் படமெடுத்தேன். அந்தப் படத்தையும் சுவரில் ஏற்றினேன். பிளந்த மேட்டைச் சரிசெய்யவில்லை.

காலையில், சொன்ன நேரத்துக்கு, ஷட்டரை மேலே தள்ளினேன்.