பெயர் மாறிய ஜெபம்

கல்வராயன் மலைக் கிராமங்களில் நான் செவிலியராக வேலை பார்த்தபோது ஒரு பாஸ்டரை அடிக்கடி பார்ப்பேன். கச்சிராயபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து, மீதித் தூரத்தை நடந்தே கடப்பார். ஒட்டிய கன்னம், பழுப்பேறிய வெள்ளைச் சட்டை. எந்த வீட்டு வாசலிலும், "வரலாங்களா?" என்று கேட்டுவிட்டு நிற்பார். பதில் வராவிட்டால் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். நாயை ஏவிவிட்டவர்களும் உண்டு. அடுத்த வாரம் அங்கேயும் வந்து நிற்பார்.

அவருடைய ஒரே மகள் காய்ச்சலில் இறந்துபோனாள். அடக்கம் முடிந்த நான்காம் நாளே மலையேறி வந்துவிட்டார். அப்போது நான் ஒரு வீட்டில், காய்ச்சலில் கிடந்த சிறுமிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றவரைப் பார்த்ததும் அவளுடைய தாய் வெடித்தாள்.

"உன் பொண்ணையே காப்பாத்தாத சாமி, என் பொண்ண இன்னாத்த காப்பாத்தப் போவுது?"

அவர் வாசலைத் தாண்டாமலே சொன்னார்:

"தெரியலம்மா. நானும் அதத்தான் கேட்டுகினு இருக்கேன். நீ தனியா ஒக்காந்துகினு இருப்பியேன்னுதான் வந்தேன்."

அவள் நகர்ந்து பாயில் இடம்விட்டாள். அவர் முழங்காலிட்டு ஜெபித்தார். நடுவில், அந்தச் சிறுமியின் பெயருக்குப் பதிலாகத் தன் மகளின் பெயரைச் சொன்னார். அது அவருக்கே தெரியவில்லை. நாங்களும் திருத்தவில்லை.

மறுவாரம் வழியில் பார்த்து, "பாப்பாவுக்குக் காய்ச்சல் வுட்டுடுச்சிங்க" என்றேன். "ஸ்தோத்திரம்" என்றவர், அங்கேயே பாறைமேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தார்.

அந்த அழுகை யாருக்காக என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.