ஏப்ரல் நான்காம் தேதிக் கடிதம்

என் தோழி ஷோபனா ஆங்கிலத்தில் வியாபாரக் கடிதம் எழுதிச் சம்பளம் வாங்குகிறவள். திருவள்ளூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. கம்ப்யூட்டரில் அடிப்பதற்கு முன்னால் எதையும் ஒரு தாளில் பேனாவால் எழுதிப் பார்ப்பாள். முதல் இரண்டு வரி உருண்டையாக, நேராக நிற்கும். மூன்றாவது வரிக்குள் எழுத்துகள் இடது பக்கம் சாய ஆரம்பித்துவிடும். அது அவள் கையெழுத்து இல்லை. எங்களோடு படித்து, 2022ஆம் வருஷம் ஏப்ரல் நான்காம் தேதி செத்துப்போன பென்சனுடைய கையெழுத்து.

பேய்க்கதை சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. நடந்ததில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

திருத்தணியில் நாங்கள் பி.காம். படித்த கல்லூரியில் பெண்கள் வலது பக்கம், பையன்கள் இடது பக்கம். ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. பேசினால் வீட்டுக்கு போன் போகும். பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் ஷோபனாவுக்கு அந்த போன் என்றால் உயிர் போய்விடும். அவள் நைனா தறியை நிறுத்திவிட்டு நேராகக் கல்லூரிக்கே வந்து நிற்கிற ஆள்.

இரண்டாம் வருஷம் வியாபாரக் கடிதம் என்று ஒரு பாடம். எடுத்தவர் வீராசாமி சார். பல்கலைக்கழகம் பத்து வாரத்துக்குப் பயிற்சி வைக்கச் சொல்லியிருந்தது. சார் ரோல் நம்பர்படி எங்களை ஜோடி ஜோடியாகப் பிரித்தார். ஒருவர் வாங்குகிற கம்பெனி, இன்னொருவர் விற்கிற கம்பெனி. வியாழக்கிழமை வாங்குகிறவர் கடிதம் வைக்க வேண்டும், திங்கட்கிழமை ஒன்பதரை மணி பெல்லுக்குள் விற்கிறவர் பதில் வைக்க வேண்டும். சார் மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும், அதில்தான் போடணும். ஷோபனாவுக்கு ஜோடியாக வந்தவன் மணவூர் பென்சன். இவள் ஷோபனா டெக்ஸ்டைல்ஸ், அவன் பென்சன் நூல் கம்பெனி.

வாய் திறக்கக் கூடாத இடத்தில் இரண்டு பேர் வாரா வாரம் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அதுவும் 'டியர் மேடம்', 'டியர் சார்' என்று. நாங்கள் ஓட்டாத ஓட்டு இல்லை. ஆனால் காதல் கீதல் ஒன்றும் கிடையாது. அவனுக்கு நூலைப் பற்றி ஒன்றும் தெரியாது. விலை கேட்டு இவள் எழுதினால், நாற்பதாம் நம்பர் நூல் என்றால் என்ன என்று மரியாதையாக ஆங்கிலத்தில் கேட்டு எழுதுவான். தறி வீட்டுப் பெண், பக்கம் பக்கமாக விளக்கி எழுதுவாள். ஒருமுறை அவன், "சரக்கு மணவூர் ஸ்டேஷனில் ஏற்றப்படும். எங்கள் ஊரில் ரயில் அரை நிமிஷம்தான் நிற்கும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று எழுதியிருந்தான். சார் அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்தார். ஷோபனா மட்டும் அதை இரண்டு தடவை படித்துச் சிரித்தாள். அட்டென்டன்ஸில் அவன் சொல்லும் 'எஸ் சார்' தவிர அவன் குரலை அவள் கேட்டதே இல்லை.

ஐந்தாவது வாரம் அவன் பெல் அடித்து இருபது நிமிஷம் கழித்து வந்தான். ஜோடியில் ஒருவர் தாமதித்தால் இருவருக்கும் மார்க் போச்சு. ஷோபனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வாரம் எழுத வேண்டிய கடிதம் வேறு புகார்க் கடிதம். பாடப்புத்தகத்து மாதிரியை மூடி வைத்துவிட்டு, முதல் தடவையாகச் சொந்தமாக எழுதினாள். உங்கள் அலட்சியத்தால் எங்களுக்கு நஷ்டம். வரும் திங்கட்கிழமை பெல்லுக்கு முன் பதில் வந்து சேராவிட்டால் உங்களோடு உள்ள தொடர்பை முறித்துக்கொள்வோம். மன்னிப்பை எழுத்தில் எதிர்பார்க்கிறோம்.

"இதுதாம்மா லெட்டர்!" என்று வீராசாமி சார் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். எல்லோரும் சிரித்தோம். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான். இடது பக்கம் பென்சன் தலையைக் குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

அடுத்த திங்கட்கிழமை காலை, மணவூரில் திருத்தணி ரயில் பிளாட்பாரத்துக்குள் வந்துகொண்டிருந்தபோது, பாலத்தில் ஏறாமல் தண்டவாளத்தைக் கடந்து ஓடினான். அந்தப் பக்கம் வந்த எக்ஸ்பிரஸை அவன் பார்க்கவில்லை.

ரயில்வே போலீஸ் திருப்பிக் கொடுத்த பையில் டிபன் பாக்ஸும் ஒரு குடையும்தான் இருந்தன. அவன் கொண்டுவந்த பதில் கிடைக்கவில்லை. அதில் என்ன எழுதியிருந்தான் என்பது யாருக்கும் தெரியாது.

அடுத்த ஒரு வாரம் வீராசாமி சார் பழக்கதோஷத்தில் அவன் பெயரையும் கூப்பிட்டுவிட்டு நிறுத்துவார். பிறகு அடுத்த பெயர். ஏப்ரல் கடைசியில் அவர் ஷோபனாவைக் கூப்பிட்டார். "இன்ஸ்பெக்‌ஷன் வருது. ஃபைல் பாதில நிக்கக்கூடாது. அவன் பக்கத்தையும் நீயே எழுதி முடிச்சிடும்மா. கையெழுத்து மட்டும் மாறாம பாத்துக்க" என்றார். ஒரு மனுஷன் இதைச் சொல்லலாமா? இன்றைக்குக் கேட்கிறேன். அன்றைக்கு நானும் பக்கத்தில்தான் நின்றேன். "எழுதுடி, மார்க் போயிடும்" என்றேன்.

அவனுடைய ஐந்து கடிதங்களை முன்னால் வைத்துக்கொண்டு அந்த இடது சாய்வைப் பழகினாள். ஏப்ரல் நான்கு, பதினொன்று, பதினெட்டு, இருபத்தைந்து, மே இரண்டு. ஒவ்வொன்றிலும் அந்தந்தத் திங்கட்கிழமைத் தேதியைப் போட்டாள். முதலாவதுதான் அவளைக் கொன்றது. அவள் புகாருக்கு அவன் சொல்ல வேண்டிய பதில் அது. பாடப்புத்தகப்படி அதில் மன்னிப்புதான் கேட்க வேண்டும். கேட்க வைத்தாள்.

"செத்தவன என்கிட்ட சாரி கேக்க வெச்சிட்டேன்டி" என்று பஸ் ஸ்டாண்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நாங்கள் எல்லோரும் ஒரு பக்கம்தான் எழுதிப் பழகினோம். அவள் இரண்டு பக்கமும் எழுதினாள். கேட்கிறவளாகவும் பதில் சொல்கிறவனாகவும் எழுதி எழுதித்தான் அந்த வித்தை அவளுக்கு முழுசாக வந்தது. அந்தப் பாடத்தில் அவள்தான் முதல் மார்க். வேலை கிடைத்ததும் அதனால்தான். சந்தோஷப்பட்டாளா என்று கேட்காதீர்கள்.

பரீட்சை முடிந்ததும் பென்சனின் அம்மா தபிதாள், மகனுடைய பொருள் எதுவானாலும் வேண்டும் என்று கல்லூரிக்கு வந்தார். அங்கன்வாடியில் சமைக்கிற அம்மா. அவர் கையில் அந்த ஃபைலைக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது ஷோபனாவுக்கு. பத்தில் ஐந்து அவன் எழுதியது இல்லை என்று அவள் சொல்லவில்லை. அந்த அம்மா ஃபைலைச் சேலைத் தலைப்பால் மூடி எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் ஷோபனாவுக்குத் திங்கட்கிழமை என்றால் ஆகாது. வேலைக்குப் போகிற ரயில் தினமும் மணவூரில் நிற்கும். திருவாலங்காடு தாண்டியதும் பிளாட்பாரம் வராத பக்கமாக எழுந்து போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். அந்த அரை நிமிஷத்தில் அவன் பேசுகிறான் என்பாள். "என்னடி பேசறான்?" என்று கேட்டால், "'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம்'னு மட்டும்தான். ஆனா குரல் இல்ல. அவன் குரலே எனக்குத் தெரியாதே, எப்படி இருக்கும்?" என்பாள். நானும் அதே ரயிலில்தான் வேலைக்குப் போகிறேன். ஒரு நாள்கூட நான் அந்தப் பிளாட்பாரத்தைப் பார்த்ததில்லை.

இந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு முன்னால், சாயங்காலம் திரும்புகிற ரயிலில் காவடியும் பூக்கூடையுமாக ஒரே கூட்டம். தள்ளிய தள்ளில் ஷோபனா பிளாட்பாரத்துப் பக்க ஜன்னலில் போய் ஒட்டிக்கொண்டாள். நகர இடமில்லை. மணவூரில் ரயில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே தபிதாளம்மா.

"நீ ஷோபனாதான? ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வாம்மா. அந்த ஃபைலு பத்தி ஒண்ணு கேக்கணும்."

இவள் வாயைத் திறப்பதற்குள் ரயில் கிளம்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம், "சொல்லிடணும்டி, எல்லாத்தையும் சொல்லிடணும்" என்றாள். தலையாட்டினேனே தவிர, வேண்டாம் என்றுதான் எனக்கு இருந்தது.

சர்ச் முடிந்து வந்த வெள்ளைச் சேலையோடே அந்த அம்மா டீ போட்டுக் கொடுத்தார். பைபிள் இருந்த அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்தார். நான்கு தாள்களை உருவித் தனியே வைத்தார்.

"இந்த நாலும் அவன் எழுதனது இல்ல. எனக்குத் தெரியும்."

ஷோபனா டீயைக் கீழே வைத்தாள்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது பாப்பா. தேதி தெரியும். பதினொண்ணு, பதினெட்டு, இருவத்தஞ்சு, ரெண்டு. அப்பல்லாம் எம்புள்ள மண்ணுக்குள்ள இருந்தான். மார்க்குக்காக யாரோ எழுதினு இருப்பீங்க. அத்த வுடு." பிறகு லேமினேஷன் செய்த ஒரு தாளை இரண்டு கையாலும் எடுத்தார். "இது அவன் போன அன்னிக்கு எழுதனது. பையில இல்ல, யாரோ எடுத்தாந்து காலேஜ்ல குடுத்துகிறாங்க. இதுல இன்னா சொல்லிகிறான்? பாஸ்டர்கிட்டகூட காட்டல. அவன் யாருக்கு எழுதனானோ அந்தப் பொண்ணு வாயாலயே கேக்கணும்னு இருந்தேன்."

ஏப்ரல் நான்காம் தேதிக் கடிதம். அந்தத் தேதி மட்டும் ஷோபனாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. எதையாவது சொல்லிவிட்டு வந்துவிடு என்று நான் அவள் காலை மிதித்தேன்.

அவள் படித்துத் தமிழில் சொன்னாள். "உங்கள் புகார் கிடைத்தது. தாமதத்துக்கு நாங்கள்தான் முழுக் காரணம். மன்னிக்க வேண்டுகிறோம். இனி இப்படி நடக்காது."

"எந்த தாமதம்?"

"அதுக்கு முந்தின வாரம் அவரு லேட்டா வந்தாரு. நான் கோவமா லெட்டர் எழுதிட்டேன்."

"அந்த வாரமா?" தபிதாளம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது என்னாலதான! எனக்கு ஜொரம். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயி, கஞ்சி வெச்சிக் குடுத்துட்டுதான் கெளம்புனான். அத்த எழுதலியா இதுல?"

"இல்லம்மா."

"எழுத மாட்டான். தப்பத் தம்மேல போட்டுக்குவான். எம்புள்ள அப்படித்தான்." சொல்லும்போது அந்த முகத்தில் பெருமை பொங்கியது.

அந்தப் பெருமையை ஷோபனாவால் தாங்க முடியவில்லை. "அம்மா, அதுவும் நான்தான்" என்றாள்.

"இன்னா?"

"நாலு இல்ல. அஞ்சு. இதையும் நான்தான் எழுதினேன். அவரு சாரி கேக்கவே இல்ல. திங்கட்கெழம பெல்லுக்குள்ள வரணும்னு நான்தான் மெரட்டி எழுதினேன். அதனாலதான் அவரு பாலத்துல ஏறாம ஓடியிருப்பாரு."

அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கொட்டியது. ஓடிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. ஷோபனா அசையவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். லேமினேஷன் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப எம்புள்ள உங்கிட்ட மன்னிப்பு கேக்கல."

"கேக்கலம்மா."

"அவன் கேக்க வேண்டியதும் இல்ல."

"ஆமாம்மா."

அலமாரியிலிருந்து மகனுடைய பழைய நோட்டை எடுத்து, எழுதாத ஒரு தாளைக் கிழித்து, ஒரு பேனாவோடு ஷோபனாவின் முன்னால் வைத்தார்.

"நீ கேளு."

அவள் பேனாவைக் கையில் எடுத்தாள்.

"இங்கிலீஷ்லயே எழுது. நீங்க ரெண்டு பேரும் அதுலதான பேசிக்கினீங்க."

வருஷத்துக்கு ஆயிரம் கடிதம் எழுதுகிறவளுக்குப் பேனா நகரவில்லை. பிறகு 'டியர் சார்' என்று எழுதினாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடித்தாள். பக்கத்தில் 'டியர் பென்சன்' என்று எழுதினாள். இரண்டு வருஷம் ஒரே வகுப்பில் இருந்தும் அவனை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதன் கீழே மூன்று வரி எழுதினாள். தாமதமாக வந்த காரணத்தை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் எழுதிவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

எழுதி முடித்துத் தாளைப் பார்த்தவள் முகம் வெளுத்தது. நானும் எட்டிப் பார்த்தேன். முதல் எழுத்திலிருந்தே எல்லாம் இடது பக்கம் சாய்ந்திருந்தன. அவனிடம் கேட்ட மன்னிப்பு அவன் கையெழுத்திலேயே விழுந்திருந்தது.

"ஐயோ" என்று தாளைக் கசக்கப் போனாள். தபிதாளம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவினார். அவருக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் கடைசி வரி வரைக்கும் தடவினார்.

"கிழிக்காத பாப்பா" என்றார். "மேல தேதி போடு."

ஷோபனா அன்றைய தேதியைப் போட்டாள்.