பால் கட்டு என்று சொன்னேன்

தை பிறந்து உப்பளத்தில் வேலை தொடங்கும்போதுதான் எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குப் பால் மறக்கடிப்பார்கள். இருட்டோடு பாத்தியில் இறங்கினால் வெயில் ஏறித்தான் கரையேற முடியும். நடுவில் யார் ஓடிவந்து பால் கொடுப்பது? அக்காவும் மகளுக்கு அப்படித்தான் நிறுத்தினாள். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இறுகிவிட்டது. நான்தான் மல்லிகைப்பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டேன். நாலைந்து நாளில் வீக்கம் வடிந்தது. இடது மார்பில் மட்டும் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி நின்றுவிட்டது.

"இன்னாடி இது, போவவே மாட்டேங்குது?" என்று சித்திரையில் கேட்டாள்.

"பால் கட்டுதான்க்கா. வலிக்குதா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா? தானா கரைஞ்சிடும்."

பன்னிரண்டாவது வரை படித்தவள், இரண்டு பெற்றவள் என்கிற திமிர் எனக்கு. அக்கா தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கிய பிறகுதான் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதற்குள் காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. தோல் கமலாப்பழத் தோல் போல் குழிகுழியாகிவிட்டது. டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார்: பால் சுரக்கும் சின்னச் சின்னப் பைகள், கொத்துக் கொத்தாக, ஒவ்வொரு கொத்திலிருந்தும் காம்புக்கு வரும் குழாய்.

"குழாயில பால் அடைச்சா வலிக்கும், காய்ச்சல்கூட வரும், சில நாள்ல சரியாயிடும். வலிக்காம அப்படியே நிக்கிற கட்டியத்தான் உடனே காட்டணும்" என்றார்.

"வலிச்சிருந்தா ஒரு நாள் வேலைக்குப் போவாம வந்திருப்பேனேம்மா" என்றாள் அக்கா, தப்புச் செய்துவிட்டவள் மாதிரி.

சதை எடுத்துப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். அடுத்த வாரம் டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். புற்று எலும்புவரை போய்விட்டதாம். மருந்தால் கட்டுப்படுத்தலாம், முழுசாகத் தீர்க்க முடியாதாம். அழுகை வரவில்லை, என்மேலேயே ஆத்திரம் வந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

வெளியே பெஞ்சில் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அக்கா.

"இன்னா சொன்னாங்க?"

"மருந்து எழுதிக் குடுத்திருக்காங்க. சரியாயிடும்க்கா."

அவள் முகம் தெளிந்தது. "நீ சொன்னா சரிதான்" என்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.