நெற்றிப் பட்டை

1964இல் எங்கள் திண்டுக்கல் கண் ஆஸ்பத்திரிக்கு, கண்ணுக்குள் மெல்லிய கீற்றாக ஒளி பாய்ச்சிப் பார்க்கும் கருவி வந்தது. நோயாளி அதன் ரப்பர் பட்டையில் நெற்றியை ஒட்டிவைக்க வேண்டும். தலை ஆடாமல் பின்னாலிருந்து பிடிப்பதும், திருநீறும் குங்குமமும் அப்பிய பட்டையைத் துடைப்பதும் ஆயா செபாஸ்தியம்மாளின் வேலை. "ஆடாதீக! கண்ணு வேணுமா வேணாமா?" என்று அவள் போடும் அதட்டலில் டாக்டரே ஒருமுறை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒருநாள் கூட்டத்தில் துடைக்க மறந்துபோனாள். அடுத்து உட்கார்ந்தவள் செம்பட்டி ஒச்சாயி. கணவன் போனதிலிருந்து வெறும் நெற்றி. சோதனை முடிந்து இருட்டறையிலிருந்து வெளிச்சத்துக்குக் கூட்டிவந்தபோதுதான் செபாஸ்தியம்மாள் பார்த்தாள்.

"ஐயையோ அக்கா, யாரு குங்குமமோ ஒங்க நெத்தியில ஒட்டிக்கிருச்சு. இருங்க, தொடச்சிர்றேன்."

துணியோடு வந்த கையை ஒச்சாயி பிடித்துக்கொண்டாள். கண்ணில் ஊற்றிய மருந்தால் அவளுக்கு எல்லாமே கலங்கலாகத் தெரிந்தது.

"செத்த நேரம் இருக்கட்டும் தாயி," என்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "வட்டமா இருக்கா?"

குங்குமம் நெற்றி நெடுகக் கோணல்மாணலாக இழுபட்டிருந்தது.

"நல்லா வட்டமா இருக்குக்கா," என்றாள் செபாஸ்தியம்மாள்.